கலைச்சொல்: சூளைத் தட்டுக்குப் பூசுவது ‘கரைசல்’ ஆகுமா?

குன்னூரிலிருந்து:
வணக்கம். கண்ணாடித் துண்டுகளை அடுக்கி உருக்கி ஒட்டும் பட்டறைகளில் ‘கில்ன் வாஷ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உருகும் கண்ணாடி தட்டில் பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பூசுவது அது. நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதன் தமிழ்ப்பெயர் வேண்டும். ‘சூளைக் கழுவல்’ வேண்டாம். இதில் யாரும் எதையும் கழுவுவதில்லை. ‘சூளைச் சுண்ணம்’ காதுக்கு இதமாக இருந்தாலும் வம்பு. இதில் இருப்பது அலுமினா ஹைட்ரேட்டும் சீனக்களிமண்ணும். பெயரை நம்பி ஒருவர் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பை எடுத்துவிட்டால்? என் பரிந்துரை: பொடிக்குப் ‘பூச்சுத்தூள்’, தண்ணீரில் கலந்ததற்குப் ‘பூச்சுக் கரைசல்’, தட்டில் ஏறியதற்குப் ‘பூச்சு’.

கொடைக்கானலிலிருந்து:
முதலும் கடைசியும் சரி. நடுவில் உள்ளதுதான் இடிக்கிறது, அம்மா. உப்பு கரையும், இது கரையாது. ஒரு பங்கு தூளுக்கு ஐந்து பங்கு தண்ணீர் என்று அளந்து எவ்வளவு கலக்கினாலும், கையை எடுத்த சில நிமிடங்களில் வண்டல் இறங்கத் தொடங்கிவிடும். ‘கரைசல்’ என்று எழுதிய டப்பாவைத் திறப்பவர், கரைந்துதானே இருக்கிறது என்று மேலாகத் தூரிகையை நனைப்பார். தட்டில் ஏறுவது பெரும்பாலும் தண்ணீர்தான். அந்த இடத்தில் கண்ணாடி தட்டைக் கவ்வும். டப்பாவின் அடிக்கு வரும்போது நேர்மாறு: பூச்சு திட்டுத்திட்டாகத் தடித்து, உரிந்து, கண்ணாடியின் அடிப்பக்கம் அப்பிக்கொள்ளும். அதனால் ‘பூச்சுக் கலங்கல்’ என்கிறேன். தெளிந்திருந்தால் தொடாதே என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

உதகையிலிருந்து:
கலங்கல் என்றால் ஏரி நிரம்பி வழியும் இடம் அல்லவா? மண்பாண்டக்காரர்கள் சொல்வதுபோல் ‘குழம்பு’ போதாதா?

கொடைக்கானலிலிருந்து:
‘பூச்சு’ முன்னால் நிற்கும்போது ஏரி யாருக்கும் நினைவு வராது, ஐயா. குழம்பு என்றால் கெட்டி என்று படும். இது பால் பதம். அதைவிடக் கெட்டியானால் தூரிகைக் கோடுகள் அப்படியே கண்ணாடியில் பதியும்.

கோத்தகிரியிலிருந்து:
என் வாக்கு கலங்கலுக்கு. டப்பாவில் ஒட்டும் சீட்டுக்கு இந்த வரிகளையும் சேர்த்துப் பார்க்கலாம், சொல் நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

“கலங்கலை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கவும். தகர மூடி துருப்பிடித்தால் துரு உள்ளே உதிரும். தூரிகையை உள்ளேயே விடக் கூடாது. மயிர் அழுகும், அதன் தகரப் பூணும் துருவேறும். வண்டலுக்கு மேல் நிற்கும் தெளிந்த நீர் குறைந்திருந்தால் ஆவியாகியிருக்கிறது, தண்ணீரை மட்டும் ஈடுகட்டவும், தூள் சேர்க்க வேண்டாம். முழுக்கக் காய்ந்து கட்டியாகிவிட்டால் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, நுண்சல்லடையில் வடிகட்டவும். நாற்றமோ பூஞ்சணமோ கண்டால் கொட்டிவிடவும். ஒவ்வொரு முறை நனைக்கும் முன்பும் அடிவரை கலக்கவும்.”

கடைசி வரியில் ‘கரைசலைக் கலக்கவும்’ என்று போட்டுப் பாருங்கள், ஏன் என்ற கேள்வி வருகிறது. ‘கலங்கலைக் கலக்கவும்’ என்றால் வராது. தூளை அள்ளும்போது முகக்கவசம் என்பதை மட்டும் சிவப்பு மையில்.

உதகையிலிருந்து:
சரி, ஏற்கிறேன். ஆனால் ‘பூச்சு’ ஒரே சொல்லாக இருந்தால் போதாது. குறுக்கே, நெடுக்கே, இரண்டு மூலைவாட்டத்திலும் என்று நாலைந்து முறை இழுத்த புதுப் பூச்சு ஒன்று. 800 டிகிரி செல்சியஸ் அளவில் முழு உருக்கு கண்ட பூச்சு வேறொன்று. அந்த வெப்பத்தில் சீனக்களிமண் தன்னுள் கட்டுண்ட நீரை இழந்து மாறிவிடுகிறது. அடுத்த முறை கண்ணாடியில் ஒட்டும். ஆகவே ‘பச்சைப் பூச்சு’, ‘வெந்த பூச்சு’ என்று இரண்டு வேண்டும். வெந்ததைச் சுரண்டி எடுத்தே மறுபடி பூச வேண்டும். சுரண்டிய பொடி சிக்கனம் என்று டப்பாவுக்குத் திரும்பினால் கலங்கல் முழுதும் கெட்டது. அச்சில் சாய்த்து வளைக்கும் வேலை 680-ஐத் தாண்டாது. அங்கே பூச்சு பலமுறை தாங்கும், உரிந்த இடத்தில் தொட்டுவிட்டால் போதும்.

குன்னூரிலிருந்து:
பச்சைப் பூச்சு நல்ல சொல், ஈரத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இங்கே அது தானாகக் காயாது. ஈரத்தோடு கண்ணாடியை வைத்தால் நீராவி அடியில் புகுந்து கொப்புளம் போடும். தட்டைத் தனியாகச் சூளையில் வைத்து 260 டிகிரி வரை மெதுவாக ஏற்றி 20 நிமிடம் நிறுத்தலாம். நம் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 80-இல் ஒருமுறை நிறுத்தி ஈரத்தை விரட்டினால் பூச்சு பொரியாது.

பட்டியலில் ஏற்றுகிறேன்: பூச்சுத்தூள், பூச்சுக் கலங்கல், பச்சைப் பூச்சு, வெந்த பூச்சு. இதைப் பூசும் ஆட்டுமயிர்த் தட்டைத் தூரிகைக்கு இன்னும் பெயர் வரவில்லை.