பின்வரிசையில் பிரசங்கம் புரியவில்லை: இன்னும் நாலு பாக்ஸ் போடலாமா?

கேலரிக்காரன்:
வணக்கம். எங்கள் ஆலயத்தில் சவுண்டு பார்ப்பது நான்தான். பாடகர் குழுவில் இருந்ததால் தலையில் விழுந்த வேலை. கட்டடம் உள்ளே 36 மீட்டர் நீளம், 18 அகலம், 11 உயரம். கல் சுவர், மொசைக் தரை. இருபக்கத் தூண்களிலும் நாலு நாலு காலம் ஸ்பீக்கர் (நீளப் பெட்டிக்குள் சிறு ஸ்பீக்கர்கள் வரிசையாக இருக்குமே, அது), பிரசங்க பீடத்திலிருந்து 6, 12, 18, 24 மீட்டரில். எட்டும் ஒரே 100 வோல்ட் ஆம்ப்ளிபையரில் ஓடுகின்றன.

பாட்டு நன்றாகக் கேட்கிறது. பிரசங்கம் ஆரம்பித்தால் பின்பாதிக்குச் சத்தம் மட்டும் போகிறது, வார்த்தை போவதில்லை. வால்யூம் ஏற்றினால் மைக் கூவுகிறது. ஞாயிறு 800 பேர் நிறைந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு நூறு பேர் வந்தால் ரொம்ப மோசம். கடைக்காரர் இன்னும் நாலு பாக்ஸ் போடச் சொல்கிறார், கமிட்டியும் பணம் தரத் தயார். போடலாமா?

பழைய மைக்செட்:
போடாதீர்கள். காலிக் கட்டடத்தில் ஒரு தடவை பலமாகக் கை தட்டினால் சத்தம் அடங்க எவ்வளவு நேரம்?

கேலரிக்காரன்:
போனில் பதிவு செய்து பார்த்தேன் அண்ணே. சுமார் 4 வினாடி.

பழைய மைக்செட்:
நினைத்தேன். கன அளவு 7,128 கனமீட்டர். எதிரொலி அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரப்படி அதை 0.161-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 287. அதாவது கட்டடம் மொத்தமும் உறிஞ்சும் சத்தம், 287 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் வழியாக வெளியே போவதற்குச் சமம். உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவருக்கு 0.45 சதுர மீட்டர் என்று வையுங்கள். 800 பேர் வந்தால் 360 கூடும், எதிரொலி 1.8 வினாடிக்கு இறங்கிவிடும். நூறு பேர் என்றால் 3.5-இலேயே நிற்கும். உங்கள் ஊரில் திரைச்சீலை, மெத்தை எல்லாமே சபையார்தான். நாலு பாக்ஸ் கூட்டினால் அந்த எதிரொலிக்குத்தான் தீனி.

இன்னொன்று, எட்டும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. கடைசித் தூணருகே இருப்பவருக்குப் பக்கத்து பாக்ஸ் முதலில் கேட்கும். முதல் ஜோடியின் சத்தம் 18 மீட்டர் தாண்டி 52 மில்லிவினாடி பிந்தி வரும். முப்பதுக்குள் வந்தால் காது இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும், ஐம்பதைத் தாண்டினால் வார்த்தை மேல் வார்த்தை ஏறும். டிலே கொடுக்க வேண்டும், அதாவது பின் ஜோடிகளின் சத்தத்தைச் சற்றுத் தாமதித்து விட வேண்டும்: இரண்டாம் ஜோடியிலிருந்து 17, 34, 52 மில்லிவினாடி, ஒவ்வொன்றோடும் ஒரு 10 கூட்டி. அப்போதுதான் குரல் பீடத்திலிருந்து வருவதுபோல இருக்கும். லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் 1950களின் தொடக்கத்திலேயே சுழலும் காந்தச் சக்கரத்தில் பதிவு செய்து இதைச் செய்தார்கள். இன்று ஒரு சின்ன டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகக் கையாளும் கருவி) பெட்டி போதும். ஆனால் வயரை ஜோடி ஜோடியாகப் பிரித்து, தனித்தனி ஆம்ப்ளிபையர் சேனல் கொடுக்க வேண்டும். கமிட்டிப் பணம் அதற்குப் போகட்டும்.

சவுண்டு தம்பி:
எல்லாவற்றையும் கழற்றிவிட்டு லைன் அரே (ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய ஸ்பீக்கர் வரிசை) தொங்கவிடலாமே?

பழைய மைக்செட்:
தம்பி, கல் சுவரில் மோதினால் லைன் அரேயும் எதிரொலிக்கும். பின்சுவரில் உறிஞ்சும் பேனல் போடாமல் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

கேலரிக்காரன், போட்டோ பார்த்தேன். கேலரிக்குக் கீழே கடைசி ஜோடியைப் படுக்கப்போட்டு மாட்டியது யார்? காலம் ஸ்பீக்கரை நிற்க வைத்தால் சத்தம் பக்கவாட்டில் விரியும், மேலும் கீழும் ஒடுங்கும். படுக்க வைத்தால் நேர் தலைகீழ்: பாதி தரைக்கும் கேலரி அடித்தட்டுக்கும் போகும். நிமிர்த்தி, சற்றுக் கீழ்நோக்கிச் சாயுங்கள். பிரசங்க நேரத்தில் பாடகர் குழு மைக்குகள் திறந்திருக்கின்றனவா?

கேலரிக்காரன்:
நாலும் திறந்துதான் இருக்கும்.

பழைய மைக்செட்:
மூடுங்கள். திறந்த மைக் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். பிரசங்க மைக்கோடு சேர்த்து ஐந்து திறந்திருப்பதால், நீங்கள் அங்கேயே ஏழு டெசிபலை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அப்புறம், கடைசி ஜோடியை மட்டும் ஓடவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.

கேலரிக்காரன்:
நேற்று செய்தோம். இரண்டையும் நிமிர்த்தி மாட்டி, மற்ற ஆறையும் அணைத்துவிட்டு, ஐயரை (எங்கள் போதகரை) வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னோம். பின்னால் இருந்த பாட்டி ஒருவர், "இன்னைக்குத்தான் ஐயா என்ன வாசிக்காகன்னு தெரியுது" என்றார். கடைக்காரரிடம் நாலு பாக்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முகம் சுருங்கிவிட்டது. டிஎஸ்பிக்கு விலைப்பட்டியல் கேட்டிருக்கிறேன். கேலரி மேலே உட்காருகிறவர்களுக்குத் தனி ஜோடி வேண்டுமா அண்ணே?

பழைய மைக்செட்:
முதலில் மேலே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.