612ஐ 6ஆல வகுத்தா 12ன்னு எழுதின பொண்ணு... உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பதினோரு வருஷமா மூணாவது நாலாவது பிள்ளைங்களுக்குத்தான் கணக்கு எடுக்குறேன். அதுவரைக்கும் கைய தூக்கிக்கிட்டு முன்னாடி வந்து நிக்குற பிள்ளைங்க கூட நெடுவகுத்தல் ஆரம்பிச்சதும் கடைசி பெஞ்சுக்குப் போயிடுதுங்க, அத பார்க்குறப்போ மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும், அதனாலதான் இத எழுதுறேன்.

நாலாம் கிளாஸ்ல ஒரு பொண்ணு. 612ஐ 6ஆல வகுக்கச் சொன்னேன். ஈவு 12, மீதி 0ன்னு ஸ்கேல் வச்சு கோடெல்லாம் அழகா போட்டுக் கொண்டு வந்தா. வழக்கமா சிவப்பு மைல சுழிச்சுட்டு "திரும்பப் போட்டுட்டு வா"ன்னு அனுப்பியிருப்பேன், அன்னிக்கு "எப்படிம்மா போட்ட, சொல்லு பாப்போம்"னு கேட்டேன். "ஆறுல ஆறு ஒரு தடவ போகும் மிஸ், அப்புறம் 1ஐ இறக்கினேன், ஒண்ணுல ஆறு போகாது, அதனால 2ஐயும் இறக்கினேன், பன்னெண்டுல ஆறு ரெண்டு தடவ போகும்"னு கடகடன்னு சொல்றா. வகு, பெருக்கு, கழி, இறக்குன்னு நான் சொல்லிக் கொடுத்தத அப்படியே செஞ்சிருக்கா. போகலைன்னா மேல என்ன எழுதணும்னு அந்த நாலு வார்த்தையில எங்கயுமே இல்லையே! அது நான் சொல்லிக் கொடுக்காம விட்டது.

கட்டம் போட்ட அட்டையில நூறு கட்டம் உள்ள சதுரம், பத்துக் கட்டம் உள்ள பட்டை, ஒத்தக் கட்டம்னு வெட்டி வச்சிருப்பேன். ஆறு சதுரம், ஒரு பட்டை, ரெண்டு ஒத்தக் கட்டம் எடுத்துக் கொடுத்து, தரையில சாக்பீஸ்ல ஆறு வட்டம் போட்டு, "ஆறு பேருக்கும் சமமா பிரிச்சுக் குடு"ன்னேன். ஆளுக்கு ஒரு சதுரம் வச்சுட்டா. அப்புறம் அந்தப் பட்டைய கையில வச்சுக்கிட்டு முதல் வட்டத்து மேல கொண்டு போறா, எடுக்குறா, ரெண்டாவதுக்குப் போறா, எடுக்குறா... "இத யாருக்குமே குடுக்க முடியாது மிஸ்"னா. அப்போ ஆளுக்கு எத்தன பட்டை கிடைச்சுதுன்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல." ஒண்ணுமில்லங்கறத எப்படி எழுதுவன்னு கேட்டதுதான் தாமதம், நோட்ட இழுத்து 1க்கும் 2க்கும் நடுவுல இடமே இல்லாத இடத்துல குட்டியா ஒரு 0 எழுதினா பாருங்க. அப்புறம் அவளே கத்தரிக்கோல் கேட்டு வாங்கி அந்தப் பட்டைய பத்தா வெட்டி, இருந்த ரெண்டையும் சேர்த்து ஆளுக்கு ரெண்டு ரெண்டா வச்சா. 102.

அதுக்கப்புறம் எந்த வகுத்தலுக்கும் முன்னாடி "சுமாரா எவ்வளவு வரும்"னு கேக்காம பென்சில எடுக்க விடுறதில்ல. 600ஐ ஆறு பேருக்குக் குடுத்தாலே ஆளுக்கு நூறு, அப்போ 12 எப்படி வரும்? 412 வகுத்தல் 4, 816 வகுத்தல் 8, 1535 வகுத்தல் 5, இந்த மாதிரி நடுவுல 0 வர்ற கணக்கா தேடி ரெண்டு நாள் முழுசா போடுவோம். போர்ஷன் கொஞ்சம் பின்தங்கும்தான், பரவால்ல.

—

அக்கா, எங்க வீட்டுல இதே 0 பெருக்கல்ல வந்து நின்னுச்சு. பையன் 23 பெருக்கல் 14ஐ நாலு கட்டம் போட்டு உள்ள உள்ள எழுதிட்டிருந்தான், எனக்கு அது என்னன்னே புரியல, இதெல்லாம் வேணாம் அப்பா சொல்ற மாதிரி ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு போடுன்னு சொல்லிட்டேன். அவன் 92 எழுதி அதுக்கு நேர் கீழ 23 எழுதி 115ன்னு கொண்டு வந்தான். ரெண்டாவது வரியில ஒரு இடம் தள்ளிப் போடணும்டான்னேன். "ஏன்பா தள்ளணும்?" எனக்கு பதில் தெரியல, அப்படித்தான் போடணும்னு கத்திட்டேன், அவன் அழுதுகிட்டே தூங்கிட்டான்.

ராத்திரி அவன் நோட்ட எடுத்து வச்சு உக்காந்தேன். மேல 20, 3. பக்கத்துல 10, 4. கட்டத்துக்குள்ள 200, 30, 80, 12. எண்பதும் பன்னெண்டும் சேர்ந்தா 92, அது என்னோட முதல் வரி. இருநூறும் முப்பதும் 230, அதுதான் கடைசி 0ஐ எழுதாம நான் தள்ளிப் போடுற ரெண்டாவது வரி! மொத்தம் 322. 14ல இருக்குற 1 ஒண்ணு இல்ல பத்து, அதனாலதான் தள்ளுறோம்னு எனக்கே அன்னிக்குத்தான் புரிஞ்சுது. காலையில அவன்கிட்ட மன்னிப்பு கேட்டு, ரெண்டு முறையையும் பக்கத்துல பக்கத்துல எழுதி எந்தக் கட்டம் எந்த வரிக்குப் போகுதுன்னு அவனையே அம்புக்குறி போட வச்சேன். இப்போ அவனே தள்ளிப் போட்டுடறான், கட்டம் கேக்குறதில்ல.

—

எங்க பொண்ணுக்கு வாய்ப்பாடே பயம். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலுன்னு வரிசையா சொல்லுவா, நடுவுல ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா மறுபடி ஓரேழுல இருந்து ஆரம்பிப்பா. பத்துக்குப் பத்து கட்டம் போட்டு நூறையும் எழுதி, உனக்குத் தெரிஞ்சதுக்கெல்லாம் கலர் அடின்னு சொன்னேன். 1, 2, 5, 10 வாய்ப்பாடு எல்லாம் கலர் ஆயிடுச்சு. அப்புறம் 3 பெருக்கல் 4ம் 4 பெருக்கல் 3ம் ஒண்ணுதானேன்னு திருப்பிப் போட்டதுக்கும் அடிச்சா. எண்ணிப் பார்த்தா பாக்கி 21தான். "இவ்வளவுதானா அம்மா?"ன்னு கேட்டா. அந்த 21ஐயும் மனப்பாடம் பண்ணச் சொல்லல, ஏழேழு நாப்பத்தொம்பது தெரியுமில்ல, இன்னொரு ஏழு சேரு அம்பத்தாறு, அப்படி ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் போனோம். 2ஐ இரட்டிச்சா 4, அத இரட்டிச்சா 8ன்னு இரட்டிப்பு அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே எகிப்துல இரட்டிச்சுத்தான் பெருக்கினாங்கன்னு சொல்லி 13 பெருக்கல் 12ஐ போட்டுக் காட்டினேன்: 12, 24, 48, 96ன்னு எழுதிட்டு, 13ன்னா 1ம் 4ம் 8ம் சேர்ந்ததுதானே, அதனால ஒரு தடவ, நாலு தடவ, எட்டு தடவ வர்றத மட்டும் கூட்டு, 12ம் 48ம் 96ம் 156. அன்னிக்கு வாய்ப்பாடு சொல்லச் சொல்லாமலே அர மணி நேரம் உக்காந்து போட்டுகிட்டே இருந்தா.

—

அந்த 156ஐ திருப்பி எடுத்துக்கிட்டா வகுத்தலுக்கும் நல்லா இருக்கும்மா. ரெண்டு இலக்கத்தால வகுக்குறப்போ பங்கு போடுற படம் பிள்ளைங்களுக்கு உதவாது, 156க்குள்ள எத்தன 12 இருக்குன்னு கேக்கணும். பத்துப் பன்னெண்டு 120 எடுத்துடு, பாக்கி 36, அதுல மூணு பன்னெண்டு, ஆக 13. பயந்த பிள்ளைங்க அஞ்சு அஞ்சா எடுக்கும், எடுக்கட்டும், விடை அதேதான் வரும்.

மீதிய பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். போன வாரம் 30 பேர் போகணும், ஒரு வண்டியில 4 பேர்தான் உக்கார முடியும், எத்தன வண்டி வேணும்னு கேட்டேன். கிளாஸே "ஏழு, மீதி ரெண்டு"ன்னு எழுதிடுச்சு, கணக்கு சரிதான். முன்ன சொன்னேன்ல அந்தப் பொண்ணு, அவ மட்டும் எழுதாம என்னையே பார்த்துகிட்டிருந்தா. என்னம்மான்னு கேட்டேன்.

"மிஸ், அந்த ரெண்டு பேர் எப்படிப் போவாங்க?"