டிகிரி இருந்தும் “தகுதி இல்லை” என்று கடிதம், கேஸ் போடலாமா?

மோக்கா நிலா
வணக்கம். இங்கே மொரீஷியஸில் அரசுப் பதவி ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. தகுதி இல்லை என்று ஒரு வரிக் கடிதம் வந்திருக்கிறது. பி.ஏ. முடித்தவளுக்கு ஸ்கூல் சர்டிபிகேட் (பள்ளிப் பொதுத் தேர்வு) தகுதி இல்லையாம்! கேஸ் போடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ரோஸ் ஹில் வாத்தியார்
அம்மா, அரசுப் பணி ஆணையம் வழியான பதவியா, வாரியமா? நீங்கள் ஏற்கனவே அரசு வேலையில் இருப்பவரா? கடிதம் என்று வந்தது? ஸ்கீம் ஆஃப் சர்வீஸில், அதாவது பதவிக்கான தகுதிகளைச் சொல்லும் ஆவணத்தில், என்ன எழுதியிருக்கிறது? இவை தெரியாமல் யாரும் வழி சொல்ல முடியாது.

பாம்ப்ளமூஸ் ரவி
எக்விவலன்ஸ் பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். வெளிநாட்டு டிகிரி என்றால் உயர்கல்வி ஆணையத்திடம் சமநிலைச் சான்றிதழ் வாங்கி விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். வைக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. என் தம்பிக்கும் இப்படித்தான் ஆனது.

சென்னை மூர்த்தி
கவலை வேண்டாம் சகோதரி. மேல்படிப்பு இருந்தால் கீழ்ப்படிப்பும் அதில் அடக்கம். கேரளத் தேர்வாணைய வழக்கில் 2010ல் எங்கள் உச்ச நீதிமன்றம் டிப்ளமோ கேட்ட இடத்தில் பி.டெக். படித்தவர்களை ஏற்றது.

பழைய குமாஸ்தா
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியாயிற்று! அறிவிப்பை முழுதாகப் படிக்கும் பழக்கம் இளையவர்களிடம் இல்லை. மூர்த்தி, 2010 வழக்கு கேரளத்துக்கென்று இருந்த ஒரு தனி விதியின் பலத்தில் நின்றது. அதே உச்ச நீதிமன்றம் 2018ல் ஜாகூர் அகமது ராதர் வழக்கில், ஐ.டி.ஐ. கேட்ட பதவிக்கு டிப்ளமோ போதாது, தகுதியை முடிவு செய்வது வேலை கொடுப்பவர்தான் என்றது. அதுவும் போக, இங்கே கடைசி அப்பீல் லண்டனில் பிரிவி கவுன்சிலுக்கு. டெல்லித் தீர்ப்பு போர்ட் லூயிஸைக் கட்டாது.

சென்னை மூர்த்தி
கட்டும் என்று நான் சொல்லவில்லை ஐயா. வாதத்துக்கு உதவும் என்றுதான் சொன்னேன்.

மோக்கா நிலா
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆணையம் வழியான பதவி, பெயர் வேண்டாமே. எட்டு வருஷமாக அரசு ஊழியர். டிகிரி இந்தியாவில் முடித்தது, சமநிலைச் சான்றிதழும் வைத்தேன். ஆனால் ஸ்கூல் சர்டிபிகேட்டில் நாலு கிரெடிட்தான் (நல்ல தரத் தேர்ச்சி), பிரெஞ்சு மறுவருஷம் எழுதி வாங்கினேன். அறிவிப்பில் “ஒரே சான்றிதழில் ஐந்து கிரெடிட்” என்று இருந்தது. எட்டு வருஷ சீனியாரிட்டி கைகொடுக்காதா?

பாம்ப்ளமூஸ் ரவி
அப்படியென்றால் நான் சொன்னது தப்பு. ஆனால் இந்த “ஒரே சான்றிதழ்” விதியே அநியாயம். வீட்டுக் கஷ்டத்தில் மறுபடி எழுதித் தேறிய பிள்ளைக்குத் தண்டனையா?

பழைய குமாஸ்தா
விதி எல்லோருக்கும் ஒன்றுதான் தம்பி. பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவருக்கு மட்டும் தளர்த்தினால், அதே குறையோடு விண்ணப்பிக்காமலே ஒதுங்கியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ரவி
விண்ணப்பிக்காதவர்களைப் பற்றி அப்புறம் பேசலாம். இவர் டிகிரி வாங்கியவர்!

ரோஸ் ஹில் வாத்தியார்
விதி நியாயமா என்ற சண்டையை வேறு இழையில் வையுங்கள். நிலா அம்மா, சீனியாரிட்டியை நம்ப வேண்டாம். ஆணையத்தின் 1967 விதிமுறைகளில் கல்வித் தகுதி, அனுபவம், திறமை, பொருத்தம் ஆகியவற்றுக்குப் பிறகுதான் அது வருகிறது. அறிவிப்பின் அடுத்த வரியைப் பாருங்கள். “அல்லது ஆணையம் ஏற்கும் சமமான தகுதி” என்று இருந்தால் உங்கள் பிடி அதுதான். டிகிரியைச் சமமாகக் கருத்தில் எடுத்தார்களா, எடுக்காமலே தள்ளினார்களா என்று கேட்கலாம். அந்த வரி இல்லையென்றால் வழக்கு மெலிந்தது, நேராகச் சொல்கிறேன்.

அரசு ஊழியர் என்பதால் 2008 சட்டத்தின் பொது அமைப்புகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உங்களுக்குத் திறந்திருக்கிறது. வெளியாட்களுக்கு அந்த வழி இல்லை, அவர்கள் இங்குள்ள உச்ச நீதிமன்றத்தில் முதலில் அனுமதி வாங்கி ஜுடிஷியல் ரிவ்யூவுக்கு (முடிவை நீதிமன்றம் ஆராய்வது) போக வேண்டும். ஆனால் கெடு 21 நாள்தான். முடிவு உங்களுக்குத் தெரிந்த நாள், பொதுவில் அறிவித்த நாள், இவற்றில் முந்தியதிலிருந்து எண்ணுங்கள். கடிதத் தேதியை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

மோக்கா நிலா
இன்றோடு பதினேழு நாள்! “சமமான தகுதி” வரி இருக்கிறது. நாளைக்கே லீவு போட்டுவிட்டு வக்கீலைப் பார்க்கிறேன்.

ரோஸ் ஹில் வாத்தியார்
கடிதம் வந்த உறையையும் எடுத்துப் போங்கள், தபால் முத்திரைத் தேதி வேண்டும்.

மோக்கா நிலா
அப்பீல் கொடுத்தாயிற்று, பத்தொன்பதாம் நாள். நன்றி ஐயா.