மூன்று வயது ஆகும்வரை பிள்ளைக்கு டிவியே கூடாது: சரியா? நடக்குமா?

தாமான் அம்மா:
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம், இரண்டு வயது மகனை மாமியார் பார்த்துக்கொள்கிறார். காலையில் போடும் டிவி நாங்கள் வீடு திரும்பும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் கார்ட்டூன், அப்புறம் சமையல், மத்தியானத்திலிருந்து நாடகம். சோறு ஊட்டுவதும் டிவி முன்னால்தான். கண் திரையில், வாய் தானாகத் திறக்கும். என்ன சாப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது.

என் கட்சி இதுதான்: மூன்று வயது ஆகும்வரை டிவியே வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு வயதுக்குக் கீழ் திரையே கூடாது, ஒரு வயதுப் பிள்ளைக்கும் பரிந்துரைக்கவில்லை, இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று இருக்கிறது. நான் இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போடச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தால் எந்த வீட்டில் ஒரு மணியோடு நிற்கிறது? அதே வழிகாட்டி இந்த வயதில் தினமும் மூன்று மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது. உட்கார்ந்தே இருக்கும் பிள்ளை எப்போது ஓடும்? மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

இரவு ஷிப்ட் அப்பா:
தங்கச்சி, கூடாது என்று சொல்ல உங்களால் முடிகிறது, ஏனென்றால் வீட்டில் மாமியார் இருக்கிறார். எங்கள் வீட்டில் நானும் மனைவியும்தான். இரவு ஷிப்ட் முடிந்து நான் வந்து மோட்டாரை நிறுத்தும்போது அவர் ஃபேக்டரி பஸ்சுக்குக் கிளம்பி நிற்பார். பிள்ளை கை மாறும். நான் குளிக்க வேண்டும், சோறு வைக்க வேண்டும், கொஞ்சம் கண்ணை மூட வேண்டும். அடுப்பில் எண்ணெய் காயும் நேரத்தில் இரண்டரை வயசுப் பிள்ளை காலைச் சுற்றி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அரை மணி நேரம் டிவி போடுகிறேன். பிள்ளைக்குச் சூடு படவில்லை, நானும் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறேன். இதைத் தப்பு என்று யார் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

பாலர் பள்ளி ஆசிரியை:
அரை மணி நேரத்தை யாரும் தப்பு என்று சொல்லவில்லை ஐயா. நான் வகுப்பில் பார்ப்பதைச் சொல்கிறேன். சில பிள்ளைகள் முதல் நாளே நிறங்கள், எண்கள், மிருகங்களின் பெயர்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறார்கள், அதுவும் கார்ட்டூனில் வரும் அதே இழுவையோடு. ஆனால் தாகம் எடுத்தால் கேட்கத் தெரியாது. ஒரு பையன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றான். "என்ன கண்ணா வேணும்?" என்றேன், பதில் இல்லை. தண்ணீர் போத்தல் பக்கம் தலையை மட்டும் திருப்பினான். ஐந்து வயது. காதும் நன்றாகக் கேட்கிறது, கிளினிக்கில் பார்த்துவிட்டார்கள். வீட்டில் யாரும் அவனிடம் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததில்லை என்பது அம்மாவிடம் பேசியபோதுதான் புரிந்தது.

2003இல் அமெரிக்காவில் பெட்ரீஷியா கூல் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் மாண்டரின் பேசிக் காட்டினார்கள். நேரில் ஆள் உட்கார்ந்து விளையாடிப் பேசிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் பேசியதை டிவியில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. அந்த வயதில் பிள்ளை ஆளிடம்தான் பேச்சைக் கற்கிறது.

தோட்டத்து மகன்:
டீச்சர், ஒன்பது மாதக் கைக்குழந்தையை வைத்து நாலு வயசுப் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

நான் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவன். 1963 டிசம்பரில் இந்த நாட்டில் டிவி வந்தது. எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது மொத்த லயத்துக்கும் ஒரே பெட்டி, கறுப்பு வெள்ளை. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பார்ப்போம். பார்த்ததை மறுநாள் பூராவும் பேசுவோம், நடித்துக் காட்டுவோம். அதனால் யாரும் கெட்டுப் போகவில்லை. தோட்டத்தை விட்டு வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டியதே அந்தப் பெட்டிதான்.

இப்போதும் பாருங்கள். வீட்டில் தமிழ், தமிழ்ப்பள்ளியில் தமிழ், சுற்றியிருப்பவர்களும் நம்மவர்கள். இந்தப் பிள்ளைக்கு மலாய் எங்கிருந்து வரும்? 2007இல் உப்பின் இப்பின் என்ற மலாய்க் கார்ட்டூன் வந்தபிறகு முதலாம் ஆண்டுக்குப் போகும் முன்பே மலாய் பேசும் பிள்ளைகளை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! அதில் முத்து அங்கிள், ராஜு என்று நம் ஆட்களும் வருகிறார்கள், பிள்ளைகள் சொந்தக்காரர்போல் பேசுகிறார்கள். அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் என்ற பிள்ளைகள் டிவி நிகழ்ச்சியைப் பற்றிப் பின்னாளில் கணக்குப் பார்த்தார்கள். ஒளிபரப்பு தெளிவாகக் கிடைத்த பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகள், பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் இருந்தார்கள். வசதி இல்லாத பிள்ளைக்கு நல்ல டிவி ஒரு பள்ளிக்கூடம். அதைப் பிடுங்காதீர்கள்.

தாமான் அம்மா:
அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டுமே பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றியவை. செசமி ஸ்ட்ரீட் மூன்று, நான்கு, ஐந்து வயதுக்கென்றே எடுத்த நிகழ்ச்சி. நான் கேட்பது இரண்டு வயது. உங்கள் லயத்துப் பெட்டியும் சாயங்காலம் கொஞ்ச நேரம்தானே ஓடியிருக்கும்? பார்த்துவிட்டு மறுநாள் நடித்துக் காட்டினோம் என்று நீங்களே சொல்கிறீர்கள். என் மகனுக்கு அந்த மறுநாளே கிடையாது, டிவி அணைந்தால்தானே நடிக்க நேரம் வரும்.

கிளினிக் நர்ஸ்:
எல்லோரும் பிள்ளை பார்க்கும் டிவியைப் பற்றியே பேசுகிறீர்கள். பிள்ளை பார்க்காத டிவியைக் கொஞ்சம் கவனியுங்கள்.

வீடுகளுக்குப் போகும்போது நான் காண்பது இதுதான். பிள்ளை தரையில் காரை வைத்து உருட்டிக்கொண்டிருக்கும், பின்னால் பெரியவர்களின் நாடகம் ஓடும். யாரோ அலறுவார்கள், பின்னணி இசை எகிறும், பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். மறுபடி குனியும்போது கார் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பது மறந்திருக்கும், வேறொன்றை எடுக்கும். 2008இல் ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளை வைத்து இதையே சோதித்தார்கள். பெரியவர்களின் வினாடி வினா நிகழ்ச்சி ஓடியது, பிள்ளைகள் அதை அரிதாகத்தான் பார்த்தார்கள், ஆனாலும் விளையாட்டு துண்டு துண்டாகச் சிதறியது. 2009இல் பிள்ளைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவி வைத்து எடுத்த கணக்கில், டிவி சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிள்ளையின் காதில் விழும் பெரியவர் பேச்சு சுமார் 770 சொல் குறைந்திருந்தது.

ஆகவே கார்ட்டூனைவிட, யாரும் பார்க்காமல் ஓடும் டிவிதான் எனக்குப் பெரிய கவலை. அரை மணி நேரம் போட்டு அணைக்கும் ஷிப்ட் அப்பாவின் வீடு, நாள் முழுக்க ஓடும் வீட்டைவிட எவ்வளவோ மேல்.

அம்மாச்சி வீட்டுப் பேத்தி:
எங்கள் அம்மாச்சி இதையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாரும் கெழவிங்க போடுற நாடகத்தத்தான் குத்தம் சொல்றீங்க. நான் இருட்டோட எந்திரிச்சு பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போனவ. கைப்புள்ளைய ஆயாக்கொட்டாயில (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) போட்டுட்டு வாளியத் தூக்கிக்கிட்டு ரப்பர் பால் வெட்டப் போவேன். அஞ்சு புள்ள வளத்தேன். அப்ப லயத்துல கதவு தொறந்தா பேச ஆளு இருக்கும். எதுத்த வீடு, பக்கத்து வீடு எல்லாம் ஒண்ணாதான் கெடப்போம். இப்ப தாமான்ல கேட்டப் பூட்டிட்டுப் போயிடுறாங்க. நானும் பேரனும் மட்டும். முட்டி வலி, புள்ள பின்னால ஓட முடியல. டிவிய அமுத்துனா வீடு என்னய முழுங்க வருது. நாள் பூரா அவன்கிட்ட என்னதான் பேசுவேன்? அப்புறம் ஒண்ணு கேக்குறேன். சாயங்காலம் வர்ற மகனும் மருமகளும் ஆளுக்கொரு போன எடுத்துக்கிட்டு உக்காருதுங்களே, அது மட்டும் புள்ளைக்கு நல்லதா?"

பாலர் பள்ளி ஆசிரியை:
அம்மாச்சி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இந்த விவாதத்தில் மேலே போக முடியாது. போனும் டிவியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். தலை குனிந்த அப்பா அம்மாவிடம் பிள்ளை பேச்சைக் கற்காது. அம்மாச்சிக்கு என் மரியாதையான வேண்டுகோள்: பேச விஷயம் தேட வேண்டாம். வெங்காயம் உரிக்கும்போது "தோல உரிக்கிறேன் பாரு, கண்ணு எரியுதா?" என்று கேட்டால் போதும். பால் வெட்டப் போன கதையைச் சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல இனி யார் இருக்கிறார்கள்? நாடகத்தை அவன் தூங்கும் மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாமான் அம்மா:
அம்மாச்சியின் தனிமை எனக்கும் உறைக்கிறது. ஆனாலும் என் நிலையில் மாற்றம் இல்லை. 2004இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வில், ஒன்று, மூன்று வயதுகளில் அதிகம் டிவி பார்த்தவர்களுக்கு ஏழு வயதில் கவனச் சிதறல் கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பேன்?

இரவு ஷிப்ட் அப்பா:
டிவியும் கவனச் சிதறலும் சேர்ந்து இருந்தன என்று அந்த ஆய்வு காட்டியதே தவிர, டிவிதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. எந்த வீட்டில் டிவி நாள் முழுக்க ஓடும்? பெரியவர்கள் ஓய்ந்து கிடக்கும் வீட்டில். அந்த ஓய்ச்சலுக்கும் பிள்ளையின் கவனத்துக்கும் தொடர்பு இருக்காதா?

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2023இலிருந்து பிரசவ விடுமுறை 98 நாள், அப்பாவுக்கு 7 நாள். முன்பு 60 நாள்தான், கூடியது நல்லது. 99ஆவது நாள் பிள்ளையை யார் பார்ப்பது? தோட்டத்தில் இருந்தவரை ஆயாக்கொட்டகை இருந்தது. பெரிய வசதி இல்லை, ஏணையும் பாலும் ஒரு ஆயாவும்தான். ஆனால் ஆள் இருந்தது, கூட விளையாட நாலு பிள்ளைகள் இருந்தன. கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, நாம் தாமானுக்கு வந்தோம், கொட்டகை கூட வரவில்லை. அந்த இடத்தில்தான் டிவி உட்கார்ந்திருக்கிறது. அதை அணைக்கச் சொல்பவர்கள் அங்கே யாரை உட்கார வைப்பது என்றும் சொல்லுங்கள்.

தோட்டத்து மகன்:
இதை நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். டிவியைத் திட்டுவது சுலபம், ஆயாக்கொட்டகை கட்டுவது கஷ்டம். நம் கோயில் மண்டபம் காலையில் பூட்டியே கிடக்கிறது. மூன்று நான்கு பாட்டிமார் சேர்ந்து பிள்ளைகளோடு அங்கே உட்கார்ந்தால் என்ன? அம்மாச்சிக்கும் பேச்சுத் துணை கிடைக்கும்.

கிளினிக் நர்ஸ்:
நல்ல யோசனை, ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்த நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்து, கட்டணமும் வாங்கினால், சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயது வரை ஐந்து பிள்ளைக்கு ஒருவர். பாட்டிமார் பேரப்பிள்ளைகளோடு காலையில் இரண்டு மணி நேரம் கூடி உட்காருவது வேறு, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவது வேறு. முதலாவதோடு ஆரம்பிக்கலாம். மண்டபத்துப் படிக்கட்டுக்குத் தடுப்பு வேண்டும், கழிவறைத் தரை வழுக்குகிறது, அதை முதலில் பார்க்க வேண்டும்.

அம்மாச்சி வீட்டுப் பேத்தி:
அம்மாச்சி வருகிறாராம். வெயிலுக்கு முன்னால் யாராவது காரில் ஏற்றிக்கொண்டால் போதும் என்கிறார். மண்டபத்தில் ஒரு சின்ன டிவி இருந்தால் மத்தியானம்வரைகூட இருப்பாராம்.

தோட்டத்து மகன்:
டிவி நான் தருகிறேன், வீட்டில் ஒன்று சும்மா இருக்கிறது. காலையில் அரை மணி மலாய்க் கார்ட்டூன் மட்டும், பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்க்கட்டும்.

தாமான் அம்மா:
படிக்கட்டுத் தடுப்புக்கு என் கணவர் பலகை அடித்துத் தருவார். அம்மாச்சியை நானே வேலைக்குப் போகும் வழியில் ஏற்றி வருகிறேன். மாமியாரிடமும் பேசிவிட்டேன், வரச் சம்மதித்துவிட்டார். ஆனால் மண்டபத்தில் டிவி வைப்பதாக இருந்தால் என் மகனை அனுப்ப மாட்டேன் அண்ணா. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.