அண்ணன் காலைப் பார்க்க மதுரையில் ஒரு நல்ல டாக்டர் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் திருமங்கலம் பக்கம். அண்ணனுக்கு 44 வயது, மனச்சிதைவு நோய்க்கு 11 வருடமாக ஓலான்சாபின் சாப்பிடுகிறார், குடியும் இருந்தது, விட்டு 7 மாதம் ஆகிறது. மாத்திரையால் மனசு அடங்கியது, ஆனால் உடம்பு போட்டு சர்க்கரையும் வந்துவிட்டது. இந்த மாத்திரைக்கு எடையும் சர்க்கரையும் ஏறலாம், அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களிடம் யாருமே சொல்லவில்லை.

போன மாதம் வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு புண். செருப்பு கடித்தது என்று விட்டுவிட்டோம். ஓரம் கறுத்து, நீர் கசிந்து வாடை வந்ததும் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டில் மாத்திரைப் பெயரைப் பார்த்த டாக்டர் காலைக் குனிந்துகூடப் பார்க்காமல், "முதல்ல மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்து அண்ணன் மெதுவாக, "நிஜமாவே வலிக்குதுடா" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்பே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பெரும்பாலும் தடுக்கக்கூடிய உடல்நோய்களால்தான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோயாளிகளுக்குச் சமமாக இவர்களையும் நடத்த வேண்டும் என்கிறது. சட்டம் சரி, காலை யார் பார்ப்பது?

சர்க்கரைப் புண்ணைப் பொறுமையாகப் பார்க்கும் டாக்டர் யாரையாவது தெரியுமா? பெரியாஸ்பத்திரிக்கு இன்னும் போகவில்லை. அங்கே வேலை பார்ப்பவர்கள் இருந்தால், எந்த ஓ.பி.க்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள். கூட்டத்தில் ரொம்ப நேரம் நின்றால் அண்ணன் பதறிவிடுவார், அதனால்தான் கேட்கிறேன். நாளைக் காலையிலேயே கிளம்பத் தயார்.