"பிஸ்டல் ரெயிலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும்" என்கிறவர்களுக்கு

நடுப்புள்ளி
என் பிஸ்டல் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது என்று நேற்று கேட்டிருந்தேன். ஒருவர் ரொம்ப தெளிவாகப் பதில் சொன்னார்: "இறுக்கமான பிஸ்டலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும், அதற்கு மேல் விட்டால் அது துப்பாக்கி இல்லை, செக்கு." சரி, பெரியவர் சொல்கிறாரே என்று நானும் செய்தேன். என்னுடையது 1911 மாடல், .45 (அங்குலத்தில் குண்டின் விட்டம்). ஸ்லைடையும் (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பாகம்) பிரேமையும் (கைப்பிடியுள்ள அடிப்பாகம்), இரண்டும் உரசி ஓடும் ரெயில் பள்ளங்களில் கையால் ராவிப் பொருத்தியது, ஆட்டினால் ஒரு சத்தம் வராது. 185 கிரெய்ன் எடை ஈயக் குண்டு, லேசான வெடிமருந்து, 12 பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னால் தள்ளி மூடுவது). முதல் 30 தோட்டா வரை வெண்ணெய் மாதிரி ஓடும். அப்புறம் ஸ்லைடு முழுசாக மூடாமல் ஒரு நெல்மணி அளவு பின்னால் நின்றுவிடும். கட்டைவிரலால் தள்ளினால் டப்பென்று மூடிக்கொள்ளும். இருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு அவர் சொன்ன ஒரு சொட்டை விட்டேன். இப்போது 20லேயே நிற்கிறது. இந்த ஒரு சொட்டு மந்திரம் சொல்கிறவர்கள் இறுக்கமான துப்பாக்கி ஒன்றையாவது சுட்டுப் பார்த்திருக்கிறார்களா?

சிங்காரம்45
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், கரைந்துவிட மாட்டேன். 27 வருஷமாக 1911 சுடுகிறேன். 2700 புள்ளிப் போட்டியில் சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் ஊசி அடித்து வெடிக்கும் தோட்டா) பிரிவுக்கும் .45 பிரிவுக்கும் ஒரே துப்பாக்கி, மொத்தம் 180 தோட்டா, நடுவில் துடைக்காமல் ஒரு தடங்கல் இல்லாமல் முடித்திருக்கிறேன். எவ்வளவு எண்ணெய் விட்டேன்? ஒரு சொட்டு. இறுக்கமான துப்பாக்கியில் இடைவெளியே கிடையாது, அப்புறம் எண்ணெய் எங்கே போய் உட்காரும்? மிச்சமெல்லாம் உங்கள் முகத்துக்குத்தான் தெறிக்கும். கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் புள்ளியோடு குறியைத் தேடுகிற ஆட்களை நிறையப் பார்த்தாயிற்று. 20ல் நிற்கிறதென்றால் தப்பு சொட்டில் இல்லை.

கிரீஸ்கோபால்
இடைவெளியே கிடையாது என்றால் ஸ்லைடு நகரவே நகராது ஐயா. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காவது இருக்கும், அந்த இடத்தில் ஒரு படலம் நின்றால்தான் இரும்பு இரும்பைத் தின்னாமல் இருக்கும். லொடலொடத் துப்பாக்கியில் கரி போய் ஒதுங்க இடம் உண்டு, காய்ந்து கிடந்தாலும் ஓடித் தொலைக்கும். இறுக்கமானதில் அந்த இடம் இல்லை. நீங்கள் விடுகிற ஒரு சொட்டை 20 தோட்டாவின் கரியே குடித்துவிட்டுப் பசையாகிவிடும். நடுப்புள்ளிக்கு நடந்தது அதுதான். ரெயிலுக்கு மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள், பேரலில் ஸ்லைடோடு பூட்டிக்கொள்ளும் மேடான லக்குக்கும் கொஞ்சம். எண்ணெய் வழிந்து ஓடிவிடும், கிரீஸ் வைத்த இடத்தில் இருக்கும்.

சிங்காரம்45
வந்துவிட்டார் கிரீஸ்காரர். போன வருஷம் மேகஸின் ஸ்பிரிங் விஷயத்தில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது மறந்துவிட்டதா? 12 பவுண்டு ஸ்பிரிங், லேசான தோட்டா. இதில் கெட்டிக் கிரீஸைப் பூசினால் ஸ்லைடு சேற்றில் இறங்கிய வண்டி மாடு மாதிரிதான் போகும். குளிர் காலையில் முதல் தோட்டாவுக்கே நிற்கும். ஒரு சொட்டு, நல்ல எண்ணெய், அவ்வளவுதான்.

கிரீஸ்கோபால்
வாங்கிக் கட்டிக்கொண்டது யார் என்று அதைப் படித்தவர்களுக்குத் தெரியும். கெட்டிக் கிரீஸ் என்று நான் எங்கே சொன்னேன்? சக்கரத்துக்குப் போடுகிற 2ஆம் தரம் எனக்கும் வேண்டாம். 0 அல்லது 00 தரம் போடுங்கள், தயிருக்கும் மோருக்கும் நடுவில் இருக்கும், குளிரிலும் இளகும்.

பத்துவளையம்
இரண்டு பேரும் ஒரு நிமிஷம். நடுப்புள்ளி எழுதியதில் முக்கியமானது சொட்டு இல்லை, "முதல் 30 வரை நன்றாக ஓடுகிறது" என்பதுதான். ரெயில்தான் பிடிக்கிறது என்றால் முதல் தோட்டாவிலிருந்தே மந்தம் தெரிய வேண்டும். சுடச்சுட ஏதோ சேர்கிறது. பேரலைக் கழற்றி, அதன் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள் ஒரு தோட்டாவைப் போடுங்கள். "டொக்"கென்று விழ வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். சுத்தமான பேரலில் ஒரு தரம், 30 சுட்ட பிறகு ஒரு தரம். இரண்டாவது தரம் தயங்கினால் அறையின் முன் விளிம்பில் ஈயமும் மெழுகும் வளையம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நீங்கள் ரெயிலில் எதை ஊற்றினாலும் பிரயோஜனமில்லை.

அப்புறம் ஸ்பிரிங். 5 அங்குல .45க்கு வழக்கமானது 16 பவுண்டு. லேசான தோட்டாவுக்கு அது அதிகம், ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாது, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு மாட்டும். அதனால்தான் 12க்கு இறங்குகிறோம். ஆனால் திரும்பி வந்து மூடுகிற பலமும் அதே 12தான், கூடக் கொடுக்க யாருமில்லை. இறுக்கமான துப்பாக்கியும் லேசான தோட்டாவும் சேர்ந்தால் எந்தச் சின்னப் பிடிப்பும் அந்தக் கடைசி நெல்மணித் தூரத்தில்தான் தெரியும். காலிக் கூட்டை இழுத்து எடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரையும் பாருங்கள். ஸ்லைடைத் தனியே எடுத்து ஒரு காலிக் கூட்டைக் கொக்கிக்கு அடியில் செருகுங்கள். லேசாக ஆட்டினால் விழாமல் நின்றால் போதும். செருகவே விரல் நோகிறதென்றால் ஸ்லைடு தன் பலத்தில் பாதியை அங்கேயே செலவழித்துவிடுகிறது. எண்ணெயைப் பொறுத்தவரை தாராளமாகவே விடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

சிங்காரம்45
"தாராளமாகவே விடுங்கள்". இவ்வளவு நீளமாக எழுதிக் கடைசியில் வந்த முத்து இதுதான். தாராளம் என்றால் எவ்வளவு? கரண்டியா, குடமா?

பத்துவளையம்
நான் எழுதியதில் அந்த ஒரு வரிதான் கண்ணில் பட்டதா? சரி, உங்கள் சொட்டு எவ்வளவு? ஊசி முனைச் சொட்டா, புட்டியைக் கவிழ்த்தால் விழுகிற சொட்டா? இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம். ரெயிலுக்கு ஒன்றா, துப்பாக்கிக்கே ஒன்றா? இதைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

சிங்காரம்45
சொட்டு என்றால் சொட்டு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

சும்மாபார்ப்பவன்
நான் இதற்குப் புதுசு அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள். டபிள்யூடி-40 அடித்தால் ஆகாதா? வீட்டில் இருக்கிறது.

கிரீஸ்கோபால்
தம்பி, கதவுக் கீலுக்கு அடியுங்கள். அதன் பெயரே தண்ணீரை விரட்டுவது, 40ஆவது முயற்சி என்று வைத்ததுதான், 1953ல் அதற்காகவே செய்தார்கள். பெரும்பகுதி ஆவியாகிப் போகும், மிஞ்சுகிற படலம் சூடான ரெயிலில் நிற்காது.

சிங்காரம்45
இதில் மட்டும் கோபால் சொல்வது சரி. தம்பி, நல்ல எண்ணெய் வாங்குங்கள். ஒரு சொட்டு.

ராவுத்தட்டு
எல்லாரும் எண்ணெயிலேயே நீந்துகிறீர்கள். இறுக்கமாக இருந்தால் இளக்க வேண்டியதுதானே? ரெயிலில் உராய்வுப் பசை தடவி ஸ்லைடை 100 தரம் முன்னும் பின்னும் இழுத்தால் பட்டு மாதிரி ஆகிவிடும். என் துப்பாக்கிக்கு நானே செய்தேன்.

பத்துவளையம்
தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். அந்தப் பசை எது மேடு, எது பள்ளம் என்று பார்த்துத் தின்னாது, எல்லாவற்றையும் தின்னும். தேய்ந்த இரும்பு திரும்பி வராது. மூலையில் கொஞ்சம் மிஞ்சினால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் அரைத்துக்கொண்டே இருக்கும். எங்கே உரசுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மேகஸினை எடுத்துவிட்டு, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, ரெயிலில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து பத்துத் தரம் இழுங்கள். எங்கே மை போயிருக்கிறதோ அங்கேதான் பிடிக்கிறது.

ராவுத்தட்டு
பேனா வைத்துத் துப்பாக்கி பழுது பார்க்கிற காலம் வந்துவிட்டது. என் துப்பாக்கி ஓடுகிறது, உங்களுடையது?

சிங்காரம்45
ராவுத்தட்டு சொல்வதில் விஷயம் இருக்கிறது, இழுத்துப் பழக்கினால் தானாக வழிக்கு வரும். ஆனால் அப்போதும் ஒரு சொட்டுதான். சரித்திரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இதை வடிவமைத்த ஜான் பிரௌனிங் இந்தத் துப்பாக்கியை அமெரிக்க ராணுவச் சோதனைக்குக் கொடுத்தபோது 6000 தோட்டா சுட்டார்கள், ஒரு தடங்கல் இல்லை. 1911ல் ராணுவம் எடுத்துக்கொண்டது. அப்போது எந்தக் கோபால் வந்து கிரீஸ் தடவினார்?

கிரீஸ்கோபால்
கோபால் வரவில்லை, எண்ணெய்ப் புட்டி வந்தது. அந்தச் சோதனையில் நூறு நூறாகச் சுட்டு ஆற வைத்தார்கள், ஒவ்வோர் ஆயிரத்துக்கும் துடைத்து எண்ணெய் விட்டார்கள். உங்கள் சரித்திரத்தில் அந்தப் பக்கம் கிழிந்துவிட்டதா? அதுவும் ராணுவ 1911. கையில் எடுத்து ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும், நடுப்புள்ளியின் துப்பாக்கியோடு அதை எப்படி ஒப்பிடுவது?

சிங்காரம்45
ஆக, லொடலொட என்றால்தான் ஓடும் என்கிறீர்கள். சுவிஸ் ராணுவம் 1949ல் எடுத்த சிக் பி210 பிஸ்டலைக் கேள்விப்பட்டதுண்டா? ஸ்லைடு பிரேமுக்கு உள்ளே ஓடும், பொருத்தத்தில் மயிரிழைகூட விடமாட்டார்கள். அது என்ன கிரீஸிலா மிதந்தது?

கிரீஸ்கோபால்
இறுக்கமானது ஓடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஒரு சொட்டில் ஓடாது என்றேன். சொல்லாததற்குப் பதில் சொல்வதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

தமிழாசான்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "கிரீஸ்" என்பதற்கு மசகு என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்க ஏன் இந்த...

கிரீஸ்கோபால்
ஐயா, மசகு என்றால் எண்ணெயையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். இங்கே சண்டையே இரண்டுக்கும் நடுவில்தான். இன்னொரு நாள் வாருங்கள்.

நடுப்புள்ளி
நான் கேள்வி கேட்டவன், ஞாபகம் இருக்கிறதா? இன்று காலை பத்துவளையம் சொன்னபடி பார்த்தேன். சுத்தமான பேரலில் தோட்டா டொக்கென்று விழுந்தது. 30 சுட்டுவிட்டுப் போட்டால் பாதியில் நின்றது, விரலால் அழுத்த வேண்டியிருந்தது. விளக்கடியில் பார்த்தால் அறை முடிகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், நகத்தால் சுரண்டினால் ஈயம். வெண்கலப் பிரஷ் போட்டுத் துலக்கினேன். கூடவே ரெயிலில் எண்ணெய் நன்றாக ஈரம் தெரிகிற அளவுக்கு விட்டேன். 60 சுட்டேன், ஒரு தரம்கூட நிற்கவில்லை. கண்ணாடியில் இரண்டு புள்ளி தெறித்தது உண்மை.

சிங்காரம்45
பார்த்தீர்களா, அறைதான் காரணம். தப்பு சொட்டில் இல்லை என்று முதல் பதிலிலேயே எழுதினேன். கண்ணாடியில் தெறிக்கும் என்றும் எழுதினேன்.

கிரீஸ்கோபால்
ஈரம் தெரிகிற அளவுக்கு எண்ணெய் விட்ட பிறகுதானே 60 ஓடியது? ஒரு சொட்டில் 20ல் நின்றது என்று அவரே எழுதியிருக்கிறார், மேலே போய்ப் படியுங்கள்.

பத்துவளையம்
இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரி செய்தது என்று எப்படித் தெரியும்? நடுப்புள்ளி, அறையைத் துலக்கிவிட்டு அதே ஒரு சொட்டோடு ஒரு தரம் சுட்டுப் பார்க்க முடியுமா?

நடுப்புள்ளி
ஓடுகிற துப்பாக்கியில் நான் எதற்குக் கை வைக்க வேண்டும்? அதுவும் அந்த ஒரு சொட்டுக்காக?

சிங்காரம்45
பயம். வேறொன்றுமில்லை.

சும்மாபார்ப்பவன்
அண்ணே, தையல் மெஷின் எண்ணெய்?