கத்திரி வெயிலில் தனுஷ்கோடி: ராத்திரியா, விடியற்காலையா, ஜாக்கெட் வேண்டுமா?

சிம்மக்கல் சில்வண்டு:
வணக்கம். என் பள்ளித் தோழன் ஜூன் முதல் வாரம் துபாய்க்கு வேலைக்குக் கிளம்புகிறான். மதுரையிலிருந்து பைக்கில் தனுஷ்கோடி போய்வர வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறோம், போனபாடில்லை. அவனுக்கு லீவு கிடைத்திருப்பது மே நடுவில், சரியாகக் கத்திரிக்குள். வண்டி ஒன்றுதான், 150 சிசி. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், பாம்பன் வழி. போக வர 400 கிலோமீட்டர் பக்கம் வரும். ஒரே நாளில் திரும்ப நினைக்கிறோம். ராத்திரியே கிளம்புவதா, விடியற்காலையா? அப்புறம், இந்த வெயிலில் ரைடிங் ஜாக்கெட் போட்டால் வெந்துவிட மாட்டோமா?

பனங்காட்டு நரி:
ஜாக்கெட்டா! தம்பி, நான் ராமநாதபுரத்துக்காரன். இருபது வருஷமாக அரைக்கைச் சட்டையோடு இதே ரோட்டில் மதுரைக்கு வந்து போகிறேன். காற்று உடம்பில் படுவதுதான் பைக்கின் சுகமே. ஜாக்கெட் விலைக்கு ஒரு வெள்ளாடு வாங்கினால் அது குட்டியாவது போடும். ராத்திரி பத்துக்குக் கிளம்புங்கள், சூடே தெரியாது.

நாலாம்கியர்:
நரி அண்ணே, அரைக்கைச் சட்டை விஷயத்தில் நீங்கள் சொல்வது தப்பு. நம் தோலின் சூடு ஏறத்தாழ 35 டிகிரி. மே மாதம் மதுரையில் மத்தியானம் 40ஐத் தொடுவது புதிதா என்ன? தோலைவிடச் சூடான காற்று மேலே அடித்தால் அது சூட்டை எடுத்துக்கொண்டு போகாது, கொண்டுவந்து கொட்டும். அப்போது உடம்பைக் காப்பாற்றுவது வியர்வை காய்வது மட்டும்தான். அறுபதில் போகும்போது வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வோம். உள்ளே நீர் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே நனைத்த பருத்தி பனியன், மேலே காற்றுப் போகிற மெஷ் ஜாக்கெட், கழுத்தில் ஈரத் துண்டு. இப்படிப் போனால் ஈரம் மெதுவாகக் காயும், குளிர்ச்சி கூடுதல் நேரம் நிற்கும்.

உங்கள் ஊர் மிளகாய்க் காட்டிலேயே பாருங்களேன். பழம் எடுக்கிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டித்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குக் காற்று வாங்கத் தெரியாதா?

பனங்காட்டு நரி:
அவர்கள் போடுவது நூல் சட்டை. நீங்கள் சொல்வது முழங்கையிலும் முதுகிலும் பிளாஸ்டிக் வைத்துத் தைத்த பாலியெஸ்டர் சாக்கு. அதைப் போட்டுக்கொண்டு கோரிப்பாளையம் சிக்னலில் நின்று பாருங்கள், கீழே இஞ்சின் சூடு, மேலே வெயில், நடுவில் நீங்கள் இட்லி. இன்னொன்று: உச்சிப்புளி தாண்டினால் கடல் காற்று. அது ஈரக் காற்று, வியர்வை காயவே காயாது. உங்கள் நனைத்த பனியன் அங்கே வெறும் நனைந்த பனியன்தான்.

நாலாம்கியர்:
சிக்னல் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குள் ஜாக்கெட் ஜிப்பைத் திறந்து விட்டுக்கொள்ளலாம். மண்டபம் பக்கம் ஈரத் துணி எடுபடாது என்பதும் உண்மைதான். ஆனால் தார் ரோட்டில் விழுந்து இழுபட்டால் அரைக்கைச் சட்டை எத்தனை அடி தாங்கும்? வெயிலுக்காக அதை மறந்துவிட முடியுமா?

தெப்பக்குளத்தான்:
இருவரும் உடுப்பிலேயே நிற்கிறீர்கள். எனக்கு 63 வயது, இந்த ரோட்டில் புளியமர நிழல் இருந்த காலத்திலிருந்து ஓட்டுகிறேன். இப்போது பரமக்குடி வரை நாலு வழி. அப்புறம் இரண்டு வழி, ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். அதன் நிழலில் ஒரு கோழி நிற்கலாம், மனுஷன் நிற்க முடியாது.

நான் சொல்ல வருவது சூரியன் இருக்கும் பக்கம். போகும்போது முகம் கிழக்கே, வரும்போது மேற்கே. காலை ஆறரைக்கும் மாலை ஐந்தரைக்கும் வெயில் நேராகக் கண்ணுக்குள் இறங்கும். ஒரே நாளில் போய்த் திரும்பினால் இரண்டு வேளையும் மாட்டிக்கொள்வீர்கள். ராமேஸ்வரத்தில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் நாலு மணிக்குக் கிளம்புங்கள். விடியும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ஏழரை, எட்டுக்குள் வீடு.

ராத்திரி பத்து மணி யோசனை வேண்டவே வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்து வரைதான் கண் சொக்கும் நேரம். பின்விளக்கு இல்லாத டிராக்டர், சூட்டுக்கு இதமாக ரோட்டில் படுத்திருக்கும் மாடு, எதிரே ஹைபீம் போட்டு வரும் லாரி. போதாக்குறைக்கு இருட்டில் தனுஷ்கோடிக்குள் விடவும் மாட்டார்கள். புதுரோடு சோதனைச் சாவடியில் கொசுக்கடியில் நிற்கத்தான் பத்து மணிக்குக் கிளம்புவதா?

பனங்காட்டு நரி:
பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். மாடு விஷயம் நிஜம்தான், போன வருஷம் சத்திரக்குடி பக்கம் ஒரு கிடாரி மயிரிழையில் தப்பியது. நானும்தான்.

சிம்மக்கல் சில்வண்டு:
டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் வெடிக்காது என்று கடைக்காரர் சொல்கிறாரே?

நாலாம்கியர்:
வேண்டாம். காற்று குறைந்தால் டயர் அதிகம் நசுங்கி நெளியும், அதில்தான் சூடு ஏறும். இரண்டு பேர் போகும்போது வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவை, கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது வையுங்கள்.

வார்டு அக்கா:
நான் நர்ஸ். மே மாதம் எங்கள் வார்டுக்கு வருகிறவர்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இங்கே யாரும் பின்னால் உட்கார்ந்திருப்பவனைப் பற்றிப் பேசவில்லை. ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு விழிப்பாக இருப்பான். பின்னால் இருப்பவன் சும்மா இருப்பான், சோர்ந்தாலும் சொல்ல மாட்டான். அதுவும் நண்பனிடம், கேலி செய்வான் என்று.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் நிழலில் ஒதுங்கிக் குடித்து ஆறிக்கொள்ளலாம். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால் அது வேறு கதை. உடனே 108. வண்டி வரும் வரை உடுப்பைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தப்பினவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஓஆர்எஸ் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில் கரைக்கவும். பாதியை டம்ளரில் கரைத்து நம் ஆட்கள் குடிக்கிறார்கள், தப்பு. நீராகாரத்தில் உப்புப் போட்டு எடுத்துப்போவதும் நல்லதுதான், ஆனால் பாட்டிலில் பத்து மணி தாண்டினால் பொங்கிவிடும். ஜிகர்தண்டாவைத் திரும்பி வந்து சாப்பிடுங்கள், அது தாகத்துக்கு ஆகாது.

நாலாம்கியர்:
அக்கா சொன்னது எனக்கு நடந்தது. போன வருஷம் இதே மாதம், நானும் என் மாப்பிள்ளையும் திருநெல்வேலி போனோம். விருதுநகரில் பரோட்டா, மணி ஒன்று. சாத்தூர் நெருங்கும்போது அவன் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக் டொக் என்று இடித்தது. தூங்குகிறான் என்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். பதில் இல்லை. மறுபடி இடித்தது. ஒதுக்கி நிறுத்தினால் கால் ஊன்ற முடியாமல் சரிகிறான், "வீட்டுக்கு வந்தாச்சா" என்கிறான். ஒரு மேம்பாலத்தடியில் கிடத்தி, இருந்த தண்ணீரை எல்லாம் தலையில் ஊற்றி, ஜாக்கெட்டால் விசிறினேன். அன்றைக்கு நாங்கள் போட்டிருந்தது மெஷ் இல்லாத, மழைக்கான ஜாக்கெட். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது.

பனங்காட்டு நரி:
பார்த்தீர்களா, ஜாக்கெட்! சரி, விடுங்கள். அவர் இப்போது நன்றாக இருக்கிறாரா?

நாலாம்கியர்:
இருக்கிறான். பைக் என்றால் மட்டும் பஸ்ஸில் வருகிறேன் என்கிறான்.

வார்டு அக்கா:
சில்வண்டு தம்பி, ஒரே ஒரு வேலை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே போ. பதில் வராவிட்டால் நிறுத்திவிடு.

சிம்மக்கல் சில்வண்டு:
போய் வந்துவிட்டோம். தெப்பக்குளத்து ஐயா சொன்னபடி தங்க முடியவில்லை, அவன் அம்மா மறுநாள் குலசாமி கோயிலுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். விடியற்காலை 3.45க்குக் கிளம்பினோம். ராமநாதபுரம் தாண்டியதும் சூரியன் கண்ணில்தான், ஐயா சொன்னது அப்படியே. எட்டரைக்குத் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை. இரண்டு பக்கமும் கடல், 1964 புயலில் மிச்சமான தேவாலயச் சுவர், மணலில் கால் வைக்க முடியாத சூடு. அவன் அதிகம் பேசவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை.

நாலரை வரை ராமேஸ்வரத்தில் நிழலில் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது திட்டம். அவன் பொறுக்காமல் இரண்டரைக்கே கிளம்பச் சொன்னான். ராமநாதபுரம் வரை பதில் சொல்லிக்கொண்டு வந்தான். பரமக்குடி தாண்டி, பார்த்திபனூருக்குக் கொஞ்சம் முன்னால், "டேய், பதநீர் குடிக்கலாமா" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டேன். இல்லை. எனக்குச் சாத்தூர்க் கதைதான் ஞாபகம் வந்தது. வண்டியை ஓரம் கட்டி, இறக்கி, மேம்பாலத்தடிக்கு இழுத்துப்போய், ஹெல்மெட்டைக் கழற்றி, தலையில் தண்ணீர் ஊற்றி, "உன் பேர் என்ன, இன்றைக்கு என்ன கிழமை" என்று கத்தினேன். வெள்ளிக்கிழமை என்று சரியாகச் சொன்னான். தலை சுற்றுகிறதா என்றேன். "இல்லடா, சும்மா" என்றான். முகம் முழுக்க நான் ஊற்றின தண்ணீர், வேறு எதுவும் தெரியவில்லை.

ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்தேன், முழு லிட்டர். குடித்துவிட்டு உப்புக் கரிக்கிறது என்றான். வெயில் தாழும் வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டு எட்டரைக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

பனங்காட்டு நரி:
எல்லாம் சரி தம்பி. ஜாக்கெட் போட்டீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?